பெயர் தெரியும் பக்கம்

திருப்புறம்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள உண்ணிச் சேட்டனுக்கு,

உங்கள் தங்கை அஸ்வதி எழுதுகிறேன். என்னிடமிருந்து மெயில் என்றதும் பதற வேண்டாம். அப்பாவுக்குச் சுகம், எனக்கும் குறையில்லை. போனில் பேசினால் நலம் விசாரித்து முடிவதற்குள் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் அவ்வளவு சுலபமாக வராது என்று தோன்றியது.

எனக்கு ஒரு சந்தேகம். வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய விலை குறைந்த மைக் எதை வாங்கலாம்? சித்திரையில் வரும் மேடமாதத்து உத்சவத்துக்காக நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்டுடியோக்காரர் பக்திப்பாட்டு ஆல்பம் செய்கிறார். புதுக்குரல் தேடுகிறாராம். ஒரு பாட்டைப் பதிந்து அனுப்பச் சொன்னார். நானே எழுதி மெட்டுப் போட்டது ஒன்று உண்டு. போனில் பதிந்து பார்த்தேன், கிணற்றுக்குள் நின்று பாடியது மாதிரி இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பிரார்த்தனைப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதோடு என் பாட்டு முடிந்துவிடக் கூடாது என்று ஆசை. இந்த ஒரு முறை முயன்று பார்க்கிறேன்.

உதியன்குளங்கரையில் சவுண்ட் செட் நடத்தியவரைவிட்டு வேறு யாரிடம் கேட்பது? ஒருவரிடமும் கலந்து பேசாமல் கடையைப் பூட்டிவிட்டு மஸ்கட்டுக்குப் போன ஆள்தான். ஆனாலும் மைக் விஷயத்தில் என்னை ஏமாற்ற மாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

இப்படிக்கு,
அஸ்வதி


மஸ்கட்
4 பிப்ரவரி 2025

அன்புள்ள அஸ்வதிக்கு,

குத்தல் இல்லாமல் உனக்கு ஒரு மெயில் முடியாது என்று தெரிந்தே படித்தேன். இங்கே சுகம். ஹோட்டல் கல்யாண மண்டபத்தில் அதே மைக், அதே 'ஹலோ செக்'.

விஷயத்துக்கு வருகிறேன். மேடையில் நாம் வைப்பது டைனமிக் மைக். வாயருகே உள்ளதை மட்டும்தான் எடுக்கும். சத்தமுள்ள வீட்டுக்கு அது நல்லது, ஆனால் லேப்டாப்பில் இணைக்கத் தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டும், செலவு கூடும். யுஎஸ்பி கண்டென்சர் என்றால் லேப்டாப்பில் நேராகக் குத்திப் பாடலாம். குரலின் நெளிவு சுளிவு எல்லாம் வரும். கூடவே அடுத்த வீட்டுக் கோழியும் வரும். உன் கையிருப்புக்கு அதுவே போதும். கலர் விளக்கு மின்னுவதைப் பார்த்து மயங்காதே, ஹெட்போன் குத்துவதற்கு இடம் இருக்கிறதா என்று பார். துணி போட்ட வளையம் ஒன்றும் வாங்கு, இல்லாவிட்டால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். துணி அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து பாடு. எதிரொலியைப் புடவைகள் குடித்துவிடும்.

வாங்கியதும் பதிந்து அனுப்பு, சொல்கிறேன்.

அப்பா இப்போதும் என் போனை எடுப்பதில்லை. என்னைப் பற்றி ஏதாவது கேட்பாரா?

உண்ணி


திருப்புறம்
11 பிப்ரவரி 2025

அன்புள்ள சேட்டனுக்கு,

மைக் வாங்கிவிட்டேன். பாறசாலையில் கடைக்காரர் விளக்கு மின்னுவதைத்தான் தள்ளிவிடப் பார்த்தார். "சேச்சி, இதாக்கும் இப்ப எல்லாரும் வாங்குறது" என்றார். உங்கள் பேச்சைக் கேட்டு விளக்கில்லாததை எடுத்தேன், ஹெட்போனும் வளையமும் கூட. கனமாக, அழகாக இருக்கிறது. நேற்று ஒரு பென்சிலைத் தட்டிப் பார்த்தேன், காகிதத்தைக் கசக்கிப் பார்த்தேன், எல்லாம் ஹெட்போனில் கேட்கிறது. இவ்வளவு சத்தத்துக்கு நடுவிலா நாம் வாழ்கிறோம் என்று ஆச்சரியமாகிவிட்டது.

முன் அறையில் மேஜை போட்டு, புடவை அலமாரிக்கு முதுகு காட்டி, அடுக்களை வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். உங்கள் மேடையில் வைப்பது போலவே, கம்பெனிப் பெயர் எனக்கு எதிர்ப்பக்கம் தெரியும்படி மைக்கைத் திருப்பி வைத்தேன். பதிந்ததை இதோடு இணைத்திருக்கிறேன்.

அப்பா உங்களைப் பற்றிக் கேட்பதில்லை. நானும் சொல்லவில்லை.

பாட்டு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். மைக் எப்படி என்று கேட்கவில்லை, பாட்டு எப்படி?

அஸ்வதி


மஸ்கட்
12 பிப்ரவரி 2025

அன்புள்ள அஸ்வதிக்கு,

கேட்டேன். நல்ல மைக்தான், ஏமாறவில்லை. இன்னும் ஒன்றிரண்டு பதிந்து அனுப்பேன். காலையில் சாயா நேரத்தில் பதிந்து பார், அப்போது ரோட்டுச் சத்தம் குறைவாக இருக்கும். எதையும் இடம் மாற்ற வேண்டாம்.

அப்பா இன்னும் ஏலக்காயைத் தம்ளர் அடியால்தான் தட்டுகிறார் போல. அந்தப் பூச்சைக்கு வயது எத்தனை இருக்கும்? நான் இங்கே வரும்போது பூனைக்குட்டியாக இருந்தது.

உண்ணி


திருப்புறம்
9 மார்ச் 2025

சேட்டனுக்கு,

நீங்கள் கேட்டபடி காலைச் சாயா நேரத்தில் பதிந்து உங்களுக்கும் அனுப்பினேன், ஸ்டுடியோவுக்கும் அனுப்பினேன். உங்களிடமிருந்து 'கிடைத்தது, இன்னொன்று அனுப்பு' என்று வந்தது. ஸ்டுடியோவிலிருந்து, "பாட்டு கொள்ளாம், நன்றாக இருக்கிறது, குரலுக்குத்தான் பலம் இல்லை, தூரத்தில் நின்று பாடுவது போல இருக்கிறது" என்று வந்தது. பாறசாலைப் பாட்டுக்காரி தன்யாவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு நான் பாடவே இல்லை. பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளைப் பாடச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். குரல் போய்விட்டது என்றே நம்பிவிட்டேன்.

நேற்று உங்கள் பழைய மெயில்களை மறுபடி படித்தேன். ஏலக்காய், தம்ளர், பூச்சை. இதில் ஒன்றைக்கூட நான் உங்களுக்கு எழுதவில்லையே என்று தோன்றியது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதல்முறையாக என் பாட்டை விட்டுவிட்டுப் பாட்டுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்டேன். அடுக்களையில் அப்பா தம்ளர் வைக்கிற சத்தம் என் பக்கத்தில் கேட்கிறது. "எறங்கு பூச்சே, அது உண்ணிக்க கட்டிலாக்கும். அவன் வந்தா ஏசுவான்" என்று அப்பா சொல்வது ஒரு எழுத்து விடாமல் விழுகிறது. மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து பாடிய நான்தான் எங்கேயோ இருக்கிறேன்.

மைக் வந்த பெட்டிக்குள் கிடந்த தாளை எடுத்துப் பார்த்தேன். படம் போட்டிருக்கிறார்கள். இந்த மைக்கில் பெயர் உள்ள பக்கம் பாடுகிறவரைப் பார்க்க வேண்டுமாம், அந்தப் பக்கம்தான் அதற்குக் காது. மேடை மைக்குக்கு அப்படி இல்லை, உச்சியில் பாடினால் போதும். உங்கள் கடைப்பெயர் ஸ்டிக்கர் எப்போதும் சனங்களைப் பார்த்துத்தானே இருக்கும்? அதைப் பார்த்துப் பழகிய கை, இதையும் அப்படியே வைத்துவிட்டது. அது என் அறியாமை. ஆனால் எப்படி வைத்தேன் என்று உங்களுக்கு எழுதியிருந்தேனே. எழுதாவிட்டாலும் முதல் பதிவிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அப்பா குரலுக்கு ஏங்கிப் போயிருக்கிறீர்கள், அது புரிகிறது. அதை என்னிடம் கேட்டிருந்தால் அடுக்களையிலேயே மைக்கை வைத்துப் பதிந்து அனுப்பியிருப்பேன். அதற்கு என் பாட்டைத்தானா எடுக்க வேண்டும்? கடையைப் பூட்டியபோதும் இப்படித்தான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய்.

மைக்கைத் திருப்பி வைத்து இன்று மறுபடி பாடினேன். என் குரல் இருக்கிறது, சேட்டா. எங்கும் போகவில்லை. இணைத்திருக்கிறேன். இதில் வீடு இல்லை, நான் மட்டும்தான் இருக்கிறேன். வீடு கேட்க வேண்டுமானால் அப்பா சாயா குடிக்கும் நேரத்தில் போன் செய்யுங்கள். எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அஸ்வதி


மஸ்கட்
14 மார்ச் 2025

அஸ்வதி,

நீ எழுதியது அத்தனையும் சரி. தெரிந்துதான் சொல்லவில்லை. திருப்பி வைக்கச் சொன்னால் அந்தச் சத்தம் நின்றுவிடுமே என்று இருந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டு எழுதியதையெல்லாம் படித்துப் பார்த்தபோது என்னைப் பற்றியே இருந்தது, அழித்துவிட்டேன்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். எடுத்தார். "சோறு தின்னியா மக்கா?" என்றார், நேற்றும் பேசியவர் போல. தின்றேன் என்றேன். பிறகு அவரே கேட்டார். "அவளுக்க பாட்டக் கேட்டியாலே? நான் தெனமும் அடுக்களையில நிண்ணு கேப்பேன். நல்ல பாட்டாக்கும்."

அதன் பிறகுதான் உன் பாட்டைக் கேட்டேன். உன் மேடைகளுக்கெல்லாம் மைக் வைத்தவன் நான், சத்தம் சரியாக வருகிறதா என்று மட்டும்தான் இதுவரை கேட்டிருக்கிறேன். இன்று மண்டபத்தில் வேலை முடிந்ததும், ஆளில்லாத நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டேன். முடிந்ததும் மறுபடி போட்டேன்.

மைக்கைப் பற்றி எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். 'நெய்யாற்றுத் தண்ணீரே, நில்லாமல் போறியே' என்று வருகிறதே, வேறு யாராக இருந்தாலும் அங்கே குரலைத் தூக்குவார்கள். நீ இறக்குகிறாய். கோபமே இல்லாமல், பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்வது போல. அங்கே என்ன நினைத்துக்கொண்டு பாடினாய்?

எழுதுகிறாயா, இல்லை நான் வந்து கேட்கட்டுமா?

உண்ணி