பதினெட்டு விநாடி

9 ஜூன் 2014, திங்கள்

மந்தாரக்குப்பம் மையத்தில் இன்று புது பேட்ச். நாற்பது பேர், எல்லாரும் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிற பெண்கள். கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளும் வேலை. எங்களிடம் பத்து நாள் பாதுகாப்புப் பயிற்சி முடித்து மஞ்சள் கார்டு வாங்கினால்தான் கேட்டுக்குள் விடுவார்கள். போன வருஷம் வரை பழைய பெல்ட் ஒன்றை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. திரையிலேயே பெல்ட் ஓடும். பெல்ட்டை நிறுத்த அதன் ஓரமாகப் போகும் கயிற்றை மவுசால் இழுக்கலாம், பெல்ட் நின்றதும் சுத்தம் செய்யலாம். தப்பு செய்தால் திரை சிவக்கும், மறுபடி முதலிலிருந்து. மேனேஜர் கலைச்செல்வன் பூஜை போட்டு மவுசுக்கும் பொட்டு வைத்தார்.

11 ஜூன்

வடக்குத்து செல்லக்கிளிக்கு மெஷின் என்றாலே நடுக்கம். சின்ன வயசில் ரைஸ் மில்லில் ஒருத்தியின் முந்தானை பெல்ட்டில் மாட்டியதைப் பார்த்தவள்.

"சத்தம் கேட்டாலே ஓடிடலாம்னு தோணுதுங்க மேடம். ரெண்டு புள்ளைங்கள வச்சிகினு இருக்கறேன், வேற வேலயும் கெடைக்கல" என்றாள்.

பழைய பெல்ட்டாக இருந்தால் முதல் நாளே ஓடியிருப்பாள். திரை முன்னால் உட்கார்ந்தாள். மூன்று முறை சிவப்பு. நான்காவது முறை சரியாகச் செய்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாளே, அந்த முகம்! இதைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்கட்டும்.

13 ஜூன்

ஒரே எரிச்சல். கயிற்றை இழுத்த பிறகு திரையில் பெல்ட் நிற்கப் பதினெட்டு விநாடி ஆகிறது. லோடோடு ஓடுகிற நிஜ பெல்ட்டும் அப்படித்தான், கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும், தெரியும். ஆனால் நாற்பது பேர், ஆளுக்குப் பத்து முறை, இரண்டே கம்ப்யூட்டர் - தினமும் ஒரு மணி நேரம் திரையை வேடிக்கை பார்ப்பதிலேயே போகிறது. பெண்கள் கொட்டாவி விடுகிறார்கள். எனக்கும் பொறுமை இல்லை. எனக்குப் பொறுமை எப்போது இருந்தது?

நிற்கிற நேரத்தைக் குறைத்துக் கொடுங்கள் என்று மென்பொருள் போட்ட சென்னைக்காரர்களுக்கு மெயில் அனுப்பினேன்.

16 ஜூன்

அங்கிருந்து அன்புச்செல்வன் என்பவர் போன் செய்தார். "கொறச்சா நிஜம் மாதிரி இருக்காதே மேடம்?"

"அத நான் வாயால சொல்லிக்கிறேன் சார்."

சாயங்காலத்துக்குள் மாற்றிவிட்டார். இழுத்ததும் டக்கென்று நிற்கிறது. வகுப்பு பறக்கிறது.

19 ஜூன்

தேர்வு. செல்லக்கிளி தொண்ணூற்றாறு. அவள்தான் முதல்.

"கம்ப்யூட்டர்ல பத்து வாட்டி செத்துப் பொழச்சேங்க. இப்ப பயமே போயிடிச்சு."

4 ஆகஸ்ட்

மூன்றாவது பேட்ச். பத்து நாள் பயிற்சி ஆறு நாளாகிவிட்டது. மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

12 நவம்பர், புதன்

மழை. செல்லக்கிளிக்குக் கை போய்விட்டது.

குறிஞ்சிப்பாடி ரோட்டில் ஒரு தனியார் கரி யார்டு, காலை ஷிப்ட். ஈரக் கரி பெல்ட் உருளையில் அப்பியிருக்கிறது. சுரண்டும்போது கரி அள்ளும் சவல் உள்ளே மாட்டிக்கொண்டது. அதை எடுக்கப் போய் வலது கையில் கட்டை விரல் தவிர நான்கும்.

ஓடுகிற பெல்ட்டில் கையை விட்டாள் என்று யார்டில் சொல்கிறார்களாம். தொண்ணூத்தாறு வாங்குனவ எப்படி வுடுவா? எப்படி வுடுவா?

14 நவம்பர்

கடலூர் ஆஸ்பத்திரி. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"நான் கயித்த இழுத்தேங்க மேடம். இழுத்துட்டுத்தான் சொரண்டப் போனேன், கைய வச்சேன். நின்னுடும்னு நெனச்சேன். மழ வேற, ஒண்ணும் தெரியல. அது ஓடிகினே இருந்திச்சு."

பிறகு, "நான் எதுனா மறந்துட்டனாங்க?" என்றாள்.

நிஜ பெல்ட் உடனே நிற்காது என்பதை வாயால் சொல்லிக்கொள்கிறேன் என்றேனே. சொன்னேனா? ஒரு தடவையாவது?

15 நவம்பர்

சொல்லவில்லை. எந்த பேட்ச்சுக்கும் சொல்லவில்லை.

அவள் எதையும் மறக்கவில்லை. நான் கற்றுக்கொடுத்ததை அப்படியே செய்தாள். பழைய பயம் இருந்திருந்தால் கை இருந்திருக்கும். அந்தப் பயத்தைப் போக்கியதும் நான்தான். பாவி, நான்தான்.

19 நவம்பர்

விசாரணை வருகிறது. அவள் கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் நஷ்டஈடு கிடைப்பது கஷ்டம்.

கலைச்செல்வன் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "மார்க்கு இருக்கு, அவங்க கையெழுத்து இருக்கு. நம்ம மேல ஒண்ணும் வராது. நீங்களா போயி வாயக் குடுக்காதீங்க மேடம்."

என் வேலை நிரந்தரம் இல்லை. மகள் இசைப்பிரியாவுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம். யோசிக்கிறேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

24 நவம்பர்

ஜூனில் சென்னைக்கு அனுப்பிய மெயிலை அச்செடுத்து விசாரணை அதிகாரியிடம் கொடுத்தேன்.

"நீங்களே கேட்டுத்தான் கொறச்சீங்களா?"

"ஆமா சார்."

1 டிசம்பர்

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மையத்திலிருந்து போன்.

22 டிசம்பர்

அறிக்கையில் 'கவனக்குறைவு' இல்லை. நஷ்டஈடு வரும் என்கிறார்கள். வடக்குத்துக்குப் போய்ச் செல்லக்கிளியிடம் சொன்னேன். மெயில் போட்டு நேரத்தைக் குறைத்ததையும் சொன்னேன். இடது கையால் பெரியவளுக்குச் சடை பின்னப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னியதை அவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"வூட்டுக்குப் போங்க மேடம்" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை.

3 பிப்ரவரி 2015, செவ்வாய்

பஸ்ஸில் பக்கத்தில் ஒரு பெண். கழுத்தில் எங்கள் மையத்து மஞ்சள் கார்டு, புதுசு. பெயர் காந்திமதி. இன்றுதான் முதல் நாள் வேலையாம்.

"கயித்த இழுத்தா பெல்ட் எவ்ளோ நேரத்துல நிக்கும்?" என்று கேட்டேன்.

"உடனேங்க. டக்குனு நின்னுடும். கம்ப்யூட்டர்லயே காமிச்சாங்க."

இன்னும் மாற்றவில்லை.

என் ஸ்டாப் வந்தது. இறங்கவில்லை. நான் யார் என்று சொன்னேன். செல்லக்கிளியைப் பற்றிச் சொன்னேன். கயிற்றை இழுத்துவிட்டோம் என்று வைத்துக்கொண்டு சத்தமாக எண்ணச் சொன்னேன். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கூச்சத்தோடு எண்ணினாள். ஒன்பதில் நிறுத்தி, "போதுங்களா?" என்றாள்.

"இல்லம்மா. இன்னும் ஓடிக்கிட்டிருக்கு" என்றேன்.