மேனேஜர் இங்கேயே இருக்கட்டும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதியே பழகிவிட்டது, இந்த முறை பாதி சுகம் என்று வைத்துக்கொள். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் போன் வந்தால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அவர் காதில் விழாமல் ஒரு வார்த்தை பேச முடியாது. அதனால்தான் தையல் கடையில் சாப்பாட்டு நேரத்தில் துணி வெட்டுகிற மேஜை ஓரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். யூனிஃபார்ம் சீசன், பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்து எடுத்து விரலெல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மேனேஜரைப் பற்றித்தான் எழுத வேண்டும். வேலை கிடைத்துப் போகும்போது, கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா, சின்ன நாய்தானே, ஒரு மூலையில் கிடக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாய். அது மூலையில் கிடந்து நான் பார்க்கவில்லை. டெரியர் என்றால் எலி பிடிப்பதற்கென்றே வளர்த்த ஜாதி என்று நாய் டாக்டரம்மா சொன்னார், நம் வீட்டில் எலி இல்லாத குறைக்கு என் பூந்தொட்டிகளைத் தோண்டிப்போடுகிறது. கைப்பைக்குள் அடங்குகிற உடம்புக்குள் அவ்வளவு திமிர். தபால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், எதிர்வீட்டுப் பெரிய நாய், ஒருத்தரையும் விட்டுவைப்பதில்லை. நீ வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, அதன் மீசையையும் நடையையும் பார்த்துவிட்டு அப்படியே எங்கள் பஸ் டிப்போ மேனேஜர் என்று அப்பா சொன்னார், அதுவே நிலைத்துவிட்டது. முடி கொட்டாது என்று பெருமையாகச் சொன்னாய், வாஸ்தவம்தான், கொட்டாத முடி வளர்ந்துகொண்டே இருக்கிறது, ஒரு நாள் சீவாமல் விட்டால் காதுக்குப் பின்னால் சிக்கு விழுந்துவிடுகிறது, உனக்குப் பின்னல் போட்டதைவிட இதற்குச் சீவியதுதான் அதிகம். கழுத்தில் பட்டை போட்டு இழுத்தால் வாத்து மாதிரி இருமுகிறது, அதனால் மிச்சத் துணியில் மார்போடு சேர்த்துக் கட்டுகிற மாதிரி ஒரு பட்டை தைத்துப் போட்டிருக்கிறேன். நாற்காலியிலிருந்து குதித்தால் முழங்கால் சில்லு விலகிவிடுமாம், தூக்கித்தான் இறக்க வேண்டும். இத்தனூண்டு வாயில் பல் நெருக்கம், தினமும் தேய்த்துவிட வேண்டுமாம். எனக்கு நானே நிதானமாகப் பல் தேய்த்து எத்தனை நாளாயிற்று. அலுத்துப்போச்சு கண்ணு. ஏஜெண்டைப் பிடித்துவிட்டேன், விமானத்தில் என்னிடமே வரவழைத்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது, மறைப்பானேன்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் தகுதிச் சான்று வாங்க டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். தராசில் வைத்ததுமே அவர் முகம் மாறிவிட்டது, வயிற்றை ஸ்கேன் எடுத்தும் பார்த்தார். இந்த ஜாதிக்கு இவ்வளவு எடை ஆகாது, கணையம் வீங்கத் தொடங்கியிருக்கிறது, இப்படியே தின்றால் ஒரு நாள் சுருண்டு படுத்துவிடும், யார் இப்படி அள்ளிப் போடுவது என்று என்னைக் கேட்டார். எனக்கு வந்ததே கோபம். காலையும் மாலையும் நானே கப்பில் அளந்து போடுகிறேன் என்றேன், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார். வீட்டுக்கு வந்தேன், மாடி வீட்டு டீச்சர் மேல் சந்தேகம் விழுந்தது, படியில் நின்று மேனேஜரைக் கொஞ்சுகிறவர் அவர்தானே. நேராக ஏறிப்போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

போன மாதம் ஒரு நாள் கடையில் கரண்ட் போய் மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செருப்பைக் கழற்றும்போதே சமையலறையில் சத்தம் கேட்டது. அப்பா கிண்ணத்தில் தீனி போட்டார், மேனேஜர் தின்று முடித்தது, அவர் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர்தான் சுத்தக்காரர் ஆயிற்றே, எச்சில் பாத்திரம் ஒரு நிமிஷம் கிடக்கக்கூடாது. கொஞ்ச நேரம் போனது, மேனேஜர் போய்க் கவிழ்த்த கிண்ணத்தை முன்னங்காலால் தட்டியது. அப்பா நிமிர்ந்து பார்த்து, “அடப்பாவமே, உனக்கு இன்னும் போடலையா” என்று எழுந்து போய்ப் போட்டார். மறுபடி கழுவினார், துடைத்தார், கவிழ்த்தார். மறுபடி அது தட்டியது. அவர் மறுபடியும் எழுந்தபோது நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். என்னிடம் அது ஒரு நாளும் கிண்ணத்தைத் தட்டியதில்லை, தட்டினால் என்ன கிடைக்கும் என்று அதற்குத் தெரியும். இந்த வீட்டில் மறந்துபோகிறவர் யார் என்று நாய் கண்டுபிடித்துவிட்டது, இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் நடத்திய எனக்குத் தெரியவில்லை.

அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மறதி நோய்தான், ஆரம்பம், மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போடும், போக்காது என்றார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள், அங்கே அழக்கூட இடமில்லை. சாவியைத் தேடுவார், சொன்னதையே சொல்வார், வயசானால் இதெல்லாம் சகஜம் என்று நான்தான் விட்டுவிட்டேன். போனில் உன்னிடம் சாப்பிட்டியா, குளிரா என்று கேட்டுவிட்டு வைக்கிறவரைப் பற்றி உனக்கு மட்டும் எப்படித் தெரியும், மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. டீச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் அவர் சொன்னார், ஒரு சாயங்காலம் அப்பா நாலு தெரு கூடுகிற இடத்தில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றிருக்கிறார், மேனேஜர்தான் குரைத்துக் கயிற்றை இழுத்து வீட்டு வாசல் வரை கொண்டுவந்து சேர்த்ததாம். சொல்லத்தான் இருந்தேன், அதற்குள் நீங்கள் சண்டைக்கு வந்துவிட்டீர்கள் என்றார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன் கண்ணு அவர். எனக்குப் பயமாக இருக்கிறது.

தீனிக்கு இப்போது ஒரு வழி செய்திருக்கிறேன். ஒரு நாளைக்கு உண்டானதை மட்டும் சின்ன டப்பாவில் போட்டுவிட்டு மூட்டையை வீட்டில் என் தையல் மிஷின் மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வருகிறேன், அவர் எத்தனை முறை போட்டாலும் அவ்வளவுதான். மேனேஜருக்கு ஏமாற்றம், என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, ஆனால் இடுப்பு தெரிய ஆரம்பித்திருக்கிறது, டாக்டரம்மா சரி என்று தலையை ஆட்டினார். நேற்று அப்பா அதை மடியில் போட்டுச் சீவிக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, “அவகிட்ட சொல்லிடாதே” என்றார். எதை என்று கேட்டேன். “நான் மறக்கிறதை. தெரிஞ்சா இவனைக் கூட்டிட்டுப் போயிடுவா” என்றார். நான் மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தேன். தனக்கு மறதி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, நீ ஏஜெண்டைப் பிடித்ததுதான் மறந்துபோயிருக்கிறது, பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். சொல்லாதே என்றதை இதோ சொல்லிவிட்டேன்.

ஏஜெண்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. எனக்கு முடியவில்லைதான், இடுப்பு விட்டுப்போகிறது, அந்த நாய் மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய பிரியமில்லை, ஆனாலும் அது இங்கே இருக்கட்டும். முடிந்தால் இந்த வருஷமே லீவு போட்டு வா, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளாதே. குளிரில் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எதுவும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாமல், அப்பா, மேனேஜரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம் என்று அவரிடம் சொல். அதற்கடுத்த ஞாயிறும் சொல், மறந்திருப்பார். சலிக்காமல் ஒவ்வொரு வாரமும் சொல், ஒவ்வொரு வாரமும் அவர் புதிதாகச் சந்தோஷப்படட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா