மேற்பார்வையாளர் உறவினரா?

ஜூலை 7, திங்கள்

கடைசியில் ஒருவர் சம்மதித்துவிட்டார்! முதுமாணிப் பட்டத்துக்கு ஒரு பாடம்தான் பாக்கி. அதைச் சுயாதீனக் கற்கையாகச் செய்யலாம், மேற்பார்வையாளரை நீங்களே தேடுங்கள் என்று பீடம் கைகழுவிவிட்டது. மூன்று விரிவுரையாளர்கள் மாட்டேன் என்றார்கள். முனவ்வறா மெடம்தான் இருந்து கேட்டார். கல்முனையில் ஒரு உம்மாவின் வீட்டு வளவு, மகள்மாருக்கு வீடு வீடாகப் பிரிந்து நாலு பேர்ச்சுத் துண்டு நிலமாவது எப்படி? இதுதான் தலைப்பு. "முதல்ல இருபது வளவு அளந்து கொண்டு வாங்க, பிறகு கதைப்பம்" என்று கையெழுத்து வைத்தார்.

டிசம்பரோடு, பள்ளிக்கூடத்தில் ஆசிரியையான எனக்குத் தந்த படிப்பு விடுப்பு முடிகிறது. அதற்குள் பட்டம் முடியாவிட்டால் மூன்று வருடப் படிப்பும் வீண்.

ஜூலை 8, செவ்வாய்

படிவம் கொடுத்தாயிற்று. வரும் வழியில் தனியாக இருந்து புரியாணி சாப்பிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'மேற்பார்வையாளர் உறவினரா?' என்ற இடத்தில் 'ஆம், சாச்சி முறை' என்று நான் எழுதியிருக்கிறேனாம். உறவினர் மேற்பார்வை செய்யக்கூடாதாம். வெள்ளிக்கிழமை கடைசித் திகதி.

எழுதினேன்தான். மெடமும் என் உம்மாவும் ஒரே குடி, தாய்வழியாக வருகிற ஒரே வம்சப் பெயர். உம்மாவின் குடியில் உம்மாவுக்கு இளையவர் என்றால் சாச்சிதானே? வேறு என்னத்தை எழுத?

"நுஸ்ரத், உங்கட உம்மாவ ரெண்டு கலியாண வீட்டில கண்டதோட சரி. அதுக்குள்ள என்னைச் சாச்சியாக்கிப்போட்டீங்களே" என்றார் மெடம். தலை நிமிரவில்லை எனக்கு. மடச்சி. சும்மா 'இல்லை' எண்டு போட்டிருந்தா என்ன, கை தேஞ்சிருக்குமா?

ஜூலை 16, புதன்

"பிழையா எழுதிட்டன் எண்டு ஒரு கடிதம் குடு, முடிஞ்சிது" என்கிறார் என் கணவர் முஸ்தாக்.

மாட்டேன். பிழையில்லையே. உறவுதான் — ஆனால் இவர்கள் பயப்படுகிற உறவில்லை. உம்மாவிடமும் மெடத்திடமும் பெயர்களைக் கேட்டு வம்ச வரைபடம் போட்டேன். ஐந்து தலைமுறை மேலே போயும் இருவருக்கும் பொதுவாக ஒரு ஆள் இல்லை. குடியின் பெயர் மட்டும் ஒன்று.

ஜூலை 18, வெள்ளி

வென்றேன்.

படிவத்தை முடிவு செய்யும் குழுவில் பீடாதிபதி தங்கராசா சேரும் விரிவுரையாளர் கேதீஸ்வரி மெடமும். வரைபடத்தைப் பார்த்த சேர், "சட்டம் சட்டம்தானே, பிள்ளை" என்றார். இருவரும் திருக்கோவில் ஊர்ப் பக்கம், அங்கே கோயில் திருவிழாவில் ஒரே குடியாய் நிற்பவர்கள் என்பது கெம்பஸ் முழுக்கத் தெரியும். கேதீஸ்வரி மெடத்தின் முதுமாணி ஆய்வை நேற்றே நூலகத்தில் எடுத்துப் பார்த்திருந்தேன்.

"சேர், அப்ப நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி முறை. மெடத்தின் ஆய்வுக்கு மேற்பார்வை செய்ததும் நீங்கதான்" என்றேன்.

ஆளை ஆள் பார்த்தார்கள். கேதீஸ்வரி மெடம்தான் முதலில் சிரித்தார். "ஓம் சேர், இந்தப் பிள்ளைக்குக் கையெழுத்துப் போடாட்டி என்ர பட்டத்தையும் எல்லோ பறிக்க வேணும்."

சேர் போட்டார்.

ஓகஸ்ட் 20, புதன்

இருபது வளவும் அளந்தேன். வெயிலில் முதுகுத் தோல் உரிகிறது. சந்தோசம்.

செப்டம்பர் 24, புதன்

மூன்றாம் முறை எழுதிக் கொடுத்ததிலும் முழுக்க மெடத்தின் சிவப்பு மை. சாச்சியாம் சாச்சி! சொந்தக்காரி இப்படியா திருத்துவாள்?

நவம்பர் 9, ஞாயிறு

வெள்ளிக்கிழமை பெறுபேறு வந்தது: A. இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு முனவ்வறா மெடம் ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தோடு வாசலில் நின்றார். இத்தனை மாதத்தில் ஒரு நாளும் எங்கள் வீட்டுக்கு வராதவர். "வாங்க மெடம்" என்றேன்.

"மார்க்ஸ் போட்டு முடிஞ்சிது, மகள். இனி முறையச் சொல்லிக் கூப்பிடுங்க" என்று உள்ளே வந்தார்.