கடற்கரையில் யாரும் இல்லை

12.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி விக்னேஷ் எழுதுகிறேன். என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். மாமாவுக்கு அடித்தால், "உங்க அக்கா திட்டும்பா" என்று வைத்துவிடுகிறார். வேறு வழியில்லாமல் தபாலில் வருகிறேன். இனியா எப்படி இருக்கிறாள்? காது கேட்கத் தொடங்கிவிட்டதா?

ராக்கெட் விழுந்ததை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். எங்கள் கம்பெனியில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அடுத்த மாதம் விசாரணை. கரையோரப் பாதுகாப்பு என் பொறுப்பு என்பதால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். மீனவர்கள் ஏற்கெனவே கொதித்துப்போயிருக்கிறார்கள். இந்த நேரத்தில் நீயும் போய் மனு கொடுத்துவிடாதே. கோபத்தை வீட்டோடு வைத்துக்கொள், அக்கா.

ஆவணியில் இனியாவுக்குக் காது குத்து என்று கேள்விப்பட்டேன். கம்மல் செய்யச் சொல்லியாகிவிட்டது. மடியில் உட்கார வைத்துக்கொள்ள மாமன் வந்துவிடுவான் என்று அவளிடம் சொல்.

பாசமுள்ள தம்பி,
விக்னேஷ்

ஆரணி
19.6.2025

தம்பிக்கு,

உன் குரலைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அதனால்தான் பிளாக் செய்தேன். கடிதம் என்றால் பரவாயில்லை. பாதியில் மடித்து வைத்துவிட்டுத் தறியில் போய் உட்காரலாம்.

இனியாவுக்கு இடது காது கேட்கவில்லை. இனிமேலும் கேட்காது என்று வேலூர் டாக்டர் சொல்லிவிட்டார். ஐந்து வயசுப் பிள்ளைக்கு.

எங்களைக் கூப்பிட்டது யார்? "இன்னாக்கா, எப்பப் பாத்தாலும் தறியே கதின்னு இருந்துகினு. லீவுதானே, ஜல்தி கிளம்பி வா, குழந்தைக்கு ராக்கெட் காட்டலாம்" என்றாய். உள்ளே பாஸ் கிடைக்கவில்லை என்று மீனவர் குப்பத்து மணலில் கொண்டுபோய் நிறுத்தினாய். ராக்கெட் விடும் நாளிலாவது எங்களை அப்புறப்படுத்துங்கள் என்று அந்தச் சனங்கள் மாசக்கணக்காகக் கெஞ்சியிருக்கிறார்கள். நீதான் அவர்கள் கூட்டத்தில் எழுந்து, "எல்லாம் கடல்லதான் விழும், பயப்படாதீங்க" என்று பேசியிருக்கிறாய். இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மேலே போனது திரும்பி எங்களைப் பார்த்து வந்தது. வலைக்கொட்டகைக்குப் பக்கத்தில் விழுந்து வெடித்தது. நான் மணலில் கிடந்தேன். சின்னதுரை என்கிற மீனவர்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் முதுகு முழுக்கத் தீக்காயம்.

மறுநாள் பேப்பரில் உன் பெயரோடு அறிக்கை. 'கடற்கரையில் பொதுமக்கள் யாரும் இல்லை.' அப்படியானால் நாங்கள் யார்?

விசாரணையில் எழுந்து, என் அக்காவும் அவள் மகளும் அங்கே இருந்தார்கள், நான்தான் நிறுத்தினேன் என்று சொல். அது போதும். சொன்னால் இனியா உன் மடியில் உட்காருவாள். சொல்லாவிட்டால் கம்மலை நீயே போட்டுக்கொள்.

ஜெயப்ரியா

2.7.2025

அன்புள்ள அக்கா,

நீ கேட்பதைச் சொன்னால் வேலை மட்டும் போகாது, உள்ளேயே தள்ளிவிடுவார்கள். எத்தனையோ பேர் வருஷக்கணக்காக உழைத்தது இது. தறியில் ஓர் இழை அறுந்துவிட்டது என்று பாவு முழுவதையும் அறுத்துப் போடுவாயா?

நடந்ததற்கு நான் அழாத நாளில்லை. ஆனால் மடி விஷயத்தில் பயமுறுத்தாதே. தாய்மாமன் இல்லாமல் காது குத்தினால் ஆரணியில் என்ன பேசுவார்கள் என்று யோசி. உனக்கு நான் ஒருத்தன்தானே தம்பி? என் இடத்தில் யாரை உட்கார வைப்பாய்? தட்டு வரிசையோடு வருகிறேன். நேரில் பேசிக்கொள்வோம்.

உன் தம்பி,
விக்னேஷ்

ஆரணி
2.9.2025

விக்னேஷ்,

விசாரணையன்று நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டுத்தான் 'யாரும் இல்லை' என்று மறுபடியும் சொன்னாய்.

இழை அறுந்தால் நாங்கள் முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்வோம். அறுந்ததே இல்லை என்று சாதிக்க மாட்டோம்.

நீ வருவாய் என்று தெரிந்துதான் காது குத்துக்குப் பத்திரிகை அனுப்பினேன். அதில் தாய்மாமன் பெயர் இல்லை. நீ கவனித்திருக்க மாட்டாய். காது குத்த வந்த பத்தர் "தாய்மாமன் வந்து உக்காருங்க" என்றதும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாய். அந்த நிமிஷத்துக்காகத்தான் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"இவரு விருந்தாளிங்க. நாங்க கடற்கரையில இல்லவே இல்லன்னு இவரே எழுதிக் குடுத்துட்டாரு. இல்லாத அக்காவுக்குத் தம்பி ஏது?" என்றேன். போளூரிலிருந்து வந்த சித்திக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். நீ தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாயே, அதை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

சின்னதுரை அண்ணன் கூச்சப்பட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தார். சுவரில் இன்னும் அவரால் முதுகைச் சாய்க்க முடியவில்லை. ஊசி குத்தும்போது இனியா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள், அழவில்லை. நீ அவளை இடது பக்கமிருந்து கூப்பிட்டாய். அவள் திரும்பாததைக் கோபம் என்று நினைத்திருப்பாய். அவளுக்கு உன்மேல் கோபம் இல்லை. எனக்குத்தான்.

நீ சாப்பிடாமல் போய்விட்டாய் என்று உன் மாமா வருத்தப்பட்டார். பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

குப்பத்துக்காரர்கள் கோர்ட்டுக்குப் போகிறார்கள். முதல் சாட்சி நான். என்னைக் காட்டி, இந்த அம்மாவை உனக்குத் தெரியுமா என்று கேட்பார்கள். என்ன சொல்வாய் என்று இப்போதே யோசித்து வை.

ஜெயப்ரியா