கல்யாணப் பரிசாக மூன்றாம் பகுதி

அன்புள்ள அப்பா,

உங்கள் கல்யாண வீடியோ லீட்ஸுக்கு வந்து சேர்ந்தது. மணப்பெண் டெலானியின் கையைப் பிடித்து நீங்கள் சொன்ன உறுதிமொழியைக் கேட்டு விருந்தாளிகள் அழுதார்கள். இங்கே என்னோடு பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து போய்விட்டார். அது நீங்கள் எழுதிய டிவி தொடரின் மூன்றாம் பகுதியில், கதாநாயகியாக நடித்த அம்மாவிடம் நாயகன் பேசும் வசனம்; ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அதே தொடரின் அமெரிக்க ரீமேக்கில் அம்மாவின் வேடம் டெலானிக்கு. மூலத் தொடரைப் பார்த்தால் நடிப்பு கெட்டுவிடும் என்று அவளிடம் சொல்லிவைத்தீர்களாமே! படப்பிடிப்புதான் முடிந்துவிட்டதே. அந்தப் பகுதியை அவளுக்குக் கல்யாணப் பரிசாக அனுப்பினேன்.

நேற்று போன் செய்தாள்.

"ஏய் குட்டிப் பிசாசு, உங்கப்பா எனக்குன்னு ஒரு வரிகூடப் புதுசா எழுதலியா?"

"நீங்களே ரீமேக்தானே, அப்புறம் வசனம் மட்டும் எப்படிப் புதுசா வரும்?" என்றேன்.

இன்று உங்களிடம் கேட்பாள். ஆறாம் பகுதியின் மன்னிப்பு வசனத்தை மட்டும் எடுத்துப் பேசிவிடாதீர்கள். அதையும் அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
முதல் தயாரிப்பில் பிறந்த உங்கள் மகள்