அடித்தல் ஒன்று

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பாய், இருந்தாலும் எழுதுகிறவன் யார் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவது எனக்குத் தொழில் பழக்கம். இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா உன்னோடு போனில் பேசும்போது நகம் வெட்டுகிற சாக்கில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நாலு வருஷமாக வாராவாரம் வெட்டுவதற்கு உங்களுக்கு நகம் எங்கிருந்து முளைக்கிறது என்று அம்மா கேட்கிறாள்.

ஒரு விஷயத்தை உன்னிடம் மறைத்துவிட்டோம். அதற்காக அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே, மூச்சு விடக்கூடாது என்று சொல்லி வைத்தவன் நான்தான். இன்றைக்குப் பதினாறு நாளைக்கு முன்னால் எனக்குப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். உள்ளே கல் இருந்தது, வயிற்றில் நாலு சின்ன ஓட்டை போட்டு முடித்துவிட்டார்கள், தையல் எல்லாம் ஆறிவிட்டது, மாடிப்படி ஏறி இறங்குகிறேன், நீ பதறிப்போகும்படி ஒன்றும் இல்லை. ஆனால் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்தார்கள், அதைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேஜையில் படுக்க வைத்ததும் மயக்க மருந்து டாக்டர் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். உங்கள் பெயர் என்ன, என்ன ஆபரேஷன் என்று தெரியுமா, சம்மதப் படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்துதானா என்று வரிசையாகக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதிவு அலுவலக வாசலில் மேஜை போட்டு முப்பத்தெட்டு வருஷம் பத்திரம் எழுதியவனிடம் போய் இந்தக் கேள்விகளைக் கேட்கிறாளே என்று. வீடு விற்கிறவர், வாங்குகிறவர் எல்லாரையும் முகத்துக்கு நேராகப் பார்த்து நான் கேட்டது இதைத்தான், ‘சுயநினைவோடும் முழு மனதோடும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக்கொடுத்தது’ என்று எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ தெரியாது. முகமூடியை வைத்து மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னாள். இழுத்தேன். கண்ணைத் திறந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். தூக்கம் என்றால் புரண்டு படுத்த ஞாபகமாவது இருக்கும், இதில் இரண்டு மணி நேரம் வழித்துத் துடைத்த மாதிரி காணாமல் போய்விட்டது.

விழித்ததும் பல் கிட்டிக்கொண்டு குளிர் ஆட்டியது, குழாய் விட்டதால் தொண்டை எரிந்தது, குமட்டியது, இவ்வளவும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இல்லாததை அம்மா சொன்னாள். போர்வையைச் சரிசெய்ய வந்த நர்ஸின் கையை நான் பிடித்துக்கொண்டேனாம். “பாப்பா, அந்த வரிய அடிச்சிடும்மா, ஓரத்துல சின்னக் கையெழுத்து போட்டுடறேன், பேனாவ எடு” என்றேனாம். அந்தப் பெண் ஏதோ படிவத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, கையிலிருந்த தாளையும் பேனாவையும் நீட்டிவிட்டாள். நான் அவளுடைய காய்ச்சல் குறிக்கிற தாளில் ஓரமாகக் கையெழுத்துப் போட்டு வைத்தேன். பெரிய நர்ஸ் ஓடி வந்து, மயக்கம் கொடுத்தவரிடம் ஒரு நாள் முழுக்க எந்தக் கையெழுத்தும் வாங்கக் கூடாதென்று தெரியாதா, போட்டாலும் செல்லாது என்று அவளை ஒரு பிடி பிடித்தாளாம். பாவம் அந்தப் பெண். இத்தனைக்கும் நடுவில் நான் அழுதுகொண்டே இருந்தேன் என்கிறாள் அம்மா.

எந்த வரி என்று அம்மா என்னைக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நீ லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலைக்குக் கடல் தாண்டிப் போகிறேன் என்று சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் பதிவு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு உன் பெயரில் விண்ணப்பம் எழுதினேன், அதில் உன் கையெழுத்தையும் நானே போட்டேன். கடைசி எழுத்தில் நீ இழுத்துவிடுகிற வாலைக்கூட விடாமல் போட்டேன். அது உன் கண்ணில் பட்டதும் நீ கத்தவில்லை. “ஊர்ல ஒருத்தர் கையெழுத்தும் பொய்யா இருக்கக் கூடாதுன்னு காவல் காத்தவர்ப்பா நீங்க. என் கையெழுத்தப் போட எப்படி மனசு வந்தது?” என்று மட்டும் கேட்டாய். நான்தான் கத்தினேன். போனால் இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே என்றேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய், சொன்ன சொல்லை நாலு வருஷமாகக் காப்பாற்றியும் வருகிறாய். வீம்பு எங்கிருந்து வந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே அம்மா போனைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள், அவளிடமே சொல்லிவிடுங்கள் என்றாள். நான் முடியாது என்றேன். மயக்கத்தில் சொன்னது செல்லாது, தலை முழுக்கத் தெளியட்டும், தெளிந்த பிறகும் அதே வார்த்தை வாயில் வந்தால் எழுத்தில் தருகிறேன் என்றேன். அதன்பிறகு எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொண்டேன். தினமும் காலையில் நம் வீட்டின் நான்கு எல்லையையும் பத்திரத்தில் இருக்கிறபடி, தாளைப் பார்க்காமல் சொல்ல வேண்டும், அதுதான் பரீட்சை. கிழக்கே தெரு, மேற்கே தையல்காரர் வீடு, வடக்கே சைக்கிள் கடை, தெற்கே பல் டாக்டர் மதில். நாலாம் நாள் தையல்காரரை வடக்கே குடியேற்றிவிட்டேன், பல் டாக்டர் சுத்தமாக நினைவுக்கு வரவில்லை, இத்தனைக்கும் என் வாயில் இருப்பது அவர் கட்டிய பல். ஆறாம் நாள் கரண்டிக்குப் பெயர் மறந்து, அந்த அள்ளுகிற சாமானை எடு என்றேன். பேப்பரில் ஒரே வரியை மூன்று தடவை படிப்பேன், காலை பத்து மணிக்கே தூங்கி வழிவேன். அம்மா சிரித்தாள், ஆனால் சமையலறைக்குள் போய்ச் சிரிப்பை நிறுத்திவிட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். தலை இப்படியே நின்றுபோனால் உன்னிடம் சொல்ல வேண்டியதைச் செல்லுபடியாகச் சொல்லவே முடியாதே என்று பயந்தேன் பாப்பா.

ஒன்பதாம் நாள் பொறுக்க முடியாமல் அந்த மயக்க மருந்து டாக்டருக்கே போன் போட்டேன். மருந்து மறுநாளே உடம்பைவிட்டுப் போயிருக்கும், உங்கள் வயதில் சிலருக்குக் களைப்பும் மறதியும் இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும், மெல்ல மெல்லத் தெளியும், நன்றாக நடங்கள், நன்றாகத் தூங்குங்கள், தெளியாவிட்டால் வந்து காட்டுங்கள் என்றாள். கையெழுத்து எப்போதிலிருந்து செல்லும் என்று கேட்டேன். மறுநாளிலிருந்தே போட்டிருக்கலாமே சார், அப்படி எந்தப் பத்திரத்துக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “அன்னிக்கு அவளைத் தலைவச்சுப் படுக்காதேன்னு சொன்னீங்களே, அது மட்டும் சுயநினைவோட சொன்னதா?” என்றாள். ஒரு நாளில் தெளிகிற மருந்துக்கு இத்தனை பரீட்சை வைக்கிறேன், அன்றைக்கு நான் இருந்த நிலையில் ஒருவர் பத்திரம் எழுத வந்திருந்தால் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

நேற்றும் இன்றும் நான்கு எல்லையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், அம்மா கையில் தாளை வைத்துச் சரிபார்த்தாள். அதனால்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன். மேலே ‘தலைவைத்தும் படுக்காதே’ என்று எழுதியிருக்கும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறேன், ஓரத்தில் என் சின்னக் கையெழுத்து இருக்கிறது, பார். எங்கள் தொழிலில் அடித்த வரி படிக்கும்படியாகத்தான் இருக்க வேண்டும், மை பூசி மறைக்கக் கூடாது. அப்படிச் சொன்னேன் என்பது மறையாது, இனிமேல் அது செல்லாது. உன் கையெழுத்தை நான் போட்டதற்குக் கோடு போட வழியில்லை, அதற்கு மன்னிப்புத்தான் கேட்க முடியும். மன்னித்துவிடு பாப்பா. உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

லிஃப்ட் குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியை உன் பையிலேயே வைத்துக்கொள், கூட வேலை செய்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கொடுக்காதே. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. உன் கைக்கும் காலுக்கும் ஒரு குறையும் வராமல், நினைத்தது நினைத்தபடி நடந்து, நீ நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய். கடைசியில் உன் கையெழுத்துக்கு ஓர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அங்கிருந்தே போட்டு அனுப்பினாலும் சரி, நேரில் வந்து போட்டாலும் சரி, போட வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் உன் இஷ்டம். என் பேனா அந்தப் பக்கம் போகாது.

இப்படிக்கு,
சுயநினைவோடும் முழு மனதோடும்,
யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்,
உன் அப்பா

அடித்தல் ஒன்று. திருத்தல் இல்லை.

சாட்சி: அம்மா. (வற்புறுத்தல் இருந்தது. நான்தான் வற்புறுத்தினேன்.)

மகள் கையெழுத்து: ..............................