இடது பக்கம் சாயும் எழுத்து

கொட்டாம்பட்டி
20.5.2001

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அத்தையும் நலந்தானே?

நம் வெண்ணிலாவின் இடது மணிக்கட்டில் கொப்புளம் வற்றிவிட்டது. கரண்டிக்காம்பு பட்ட அளவுக்குத் தழும்பு நிற்கும் என்கிறார் நர்ஸ். உங்கள் தங்கை நிச்சயத்தில் அவள் செய்தது, வந்தவர்களிடம் வெற்றிலைத் தட்டை அந்தக் கையால் நீட்டியது மட்டும்தான். "பீச்சாங்கையால குடுக்குது பாருங்கத்தா, வளத்த லட்சணம்!" என்று யாரோ சிரித்தார்கள். அவர்கள் போனதும் அத்தை அடுப்படிக்குப் போனார். நீங்கள் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

ஐந்து வயதுப் பிள்ளை. சோற்றுத் தட்டைக் கண்டால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்கிறாள். இனி அவள் கையை யாரும் தொடமாட்டார்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சொன்னால் வருகிறோம்.

முத்துமீனா

ஆனையூர்
28.5.2001

அன்பு மீனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பிரித்ததுமே சந்தேகம். எழுத்து உன்னுடையது இல்லை. எல்லாம் இடது பக்கம் சாய்ந்து கிடக்கிறது. உன் அண்ணனை வைத்து எழுதினாயா? வீட்டு விஷயத்தை அவர் வரைக்கும் கொண்டுபோக வேண்டுமா?

அம்மாவிடம் பேசிவிட்டேன். "சூடு கீடு வேணாம்ப்பா, சாப்புடுறப்ப மட்டும் துணியைச் சுத்தி விடுவோம், தன்னால மாறிடும்" என்கிறது. எனக்கும் சரியென்றுதான் படுகிறது. நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிற பிள்ளை. மாட்டுத்தாவணியில் இறங்கி போன் போடு, வண்டியோடு வந்து நிற்கிறேன். நீங்கள் இல்லாமல் வீடு வீடாக இல்லை.

உன் நல்லகாமன்

கொட்டாம்பட்டி
6.6.2001

அத்தானுக்கு,

எழுதியது நான்தான். அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது.

பிறவியிலேயே எனக்கும் இடது கைதான். இரண்டாம் வகுப்பில் அந்தக் கையைப் பெஞ்சுக்காலில் கட்டிப்போட்டு எழுதவைத்தார்கள். நீங்கள் பெண் பார்க்க வருவதற்கு முந்தைய வாரம் முழுவதும் அம்மா வெறும் டம்ளரை வலது கையால் நீட்டச் சொல்லிப் பழக்கினாள். உங்கள் வீட்டில் ஏழு வருடமும் ஒவ்வொரு கரண்டியையும் யோசித்துத்தான் எடுத்தேன். நீங்கள் கவனிக்காததைக் குறையாகச் சொல்லவில்லை. அவ்வளவு நன்றாக ஒளித்திருக்கிறேன். அலுத்துப் போய்விட்டது அத்தான்.

இங்கே வந்துதான் பேனாவை மறுபடி அந்தக் கையில் பிடித்தேன். வெண்ணிலா என் காதுக்குள், "ஒனக்கும் பீச்சாங்கையாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வெகுநேரம் அந்தக் கையையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

துணி சுற்றினால் எதுவும் மாறாது. ஒளிக்கத்தான் கற்றுக்கொள்வாள்.

நேற்று அவளை இந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டேன். டீச்சரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவளைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். கூட்டிப்போக வரவேண்டாம்.

மீனா